எட்ட நின்று காண்போம்

சவளக்கடையில் வாழும் எமக்கு வயலும் கடலும் இரு பக்கத்து அயலவர். மேற்கே கண்ணுக்கெட்டிய தூரம் நெல்வயல். கிழக்கே கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து கல்முனைக்குச் சென்றால் வங்கக் கடல். மாரி பிறந்து தாம்போதியின் மேலாக வெள்ளம் பாயும் நாள்களிலே கடல் எமக்கு வேற்றூர் ஆகிவிடும். ஏனைய நாள்களில் மாலைவேளையிற் சென்று காற்று வாங்கித் திரும்பும் தூரந்தான். ஆயினும், இத்தனை ஆண்டுகளாக நாம் அறிந்த கடல் கரைக்கடலே. கரைவலை இழுப்போரின் குரலும், சந்தையிற் குவியும் கீரியும் சூரையும், 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாட் காலை அக்கடல் எழுந்து வந்து செய்த கொடுமையுமே கடலைப் பற்றி எமக்குத் தெரிந்தவை. அதற்கப்பால் ஆழ்கடலில் வாழ்வோர் யாவர் என நாம் கேட்டதே இல்லை.

கேட்க வைத்தவள் எம் வகுப்பு மாணவி ஒருத்தி. தமிழ்ப் பாடவேளையில் ஒருநாள் ‘திமிங்கிலம்’ என்ற சொல்லுக்குப் பொருள் கூறிக்கொண்டிருந்தோம். ‘திமி என்பது பெருமீன், அதனையும் விழுங்க வல்லது திமிங்கிலம்’ என்று விளக்கி, வடமொழியிலிருந்து அச்சொல் வந்த வழியையும் சொல்லி முடித்தோம். அவள் எழுந்து நின்று, “சேர், நீங்க திமிங்கிலம் கண்டிருக்கீங்களா?” என்றாள். இல்லை என்றோம். அவள் வேறொன்றும் கேளாமல் அமர்ந்துவிட்டாள். ஆனால் அந்த ‘இல்லை’ எமக்குள் நெடுநாள் முள்ளாகவே கிடந்தது. சொல்லின் பிறப்பை அறிந்த ஆசிரியர், அச்சொல் குறிக்கும் உயிரைத் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் காணவில்லை! அவ்வுயிரோ நம் கிழக்குக் கடலிலேயே வாழ்கின்றது.

ஆகவே, கடந்த சித்திரை விடுமுறையில் திருகோணமலைக்குப் புறப்பட்டோம். எம் மகள், மாணவர் நால்வர், மருதமுனையைச் சேர்ந்த சக ஆசிரிய நண்பர் ஒருவர், நாம் என எழுவர். இரவு கல்முனையிற் பஸ் ஏறி, மட்டக்களப்பு, வாகரை, வெருகல், மூதூர் எனக் கடந்து, விடியுமுன் கிண்ணியாப் பாலத்தை அடைந்தோம். 2009இல் அப்பாலம் திறக்கப்படுமுன் அவ்விடத்தில் இயந்திரப் பாதைக்காகக் காத்துக் கிடந்த நாள்களை நண்பர் மாணவர்க்கு எடுத்துரைத்தார். கடலைப் பற்றிய பேச்சு வந்தபோது மட்டும் அவர் மௌனமானார். சுனாமியில் உறவினரை இழந்தவர் அவர். அதற்குப் பின் அன்றுதான் முதன்முறையாகப் படகேற வந்தார். ‘பிள்ளைகளோடு போனால் பயம் தெளியும்’ என்று அவர் மனைவியார் சொல்லி அனுப்பினாராம்.

திமிங்கிலம் காண ஏன் திருகோணமலைக்குப் போக வேண்டும் என்று சிலர் வினவலாம். அங்கே கடலடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு கரையை நெருங்கி வருகின்றது. கோணேசர் கோயில் அமைந்த சுவாமி மலையின் செங்குத்தான பாறை கடலுக்குள் இறங்குவதைக் கண்டோர், அவ்விறக்கம் நீருக்கடியிலும் தொடர்வதை எளிதிற் கற்பனை செய்யலாம். கரையிலிருந்து சில கிலோமீற்றர் தூரத்துக்குள்ளேயே ஆழம் ஆயிரம் மீற்றரைத் தாண்டிவிடும். ஆழ்கடலில் வாழும் உயிர்கள் அங்கே நம் வாசல்வரை வருகின்றன. சில பருவங்களில் சுவாமி மலையின் உச்சியில் நின்றபடியே திமிங்கிலத்தின் மூச்சுப் புகையைக் காண்போரும் உளர். 1980களின் தொடக்கத்தில் ‘டியூலிப்’ என்னும் சிறு பாய்க்கப்பலில் வந்த ஆய்வாளர்கள் இக்கடலிலேயே திமிங்கிலங்களை ஆராய்ந்தனர். கொல்லாமல், உயிரோடு உலவ விட்டு, பின்தொடர்ந்து கண்டு ஆராய்ந்த ஆய்வு அது.

காலை ஆறு மணிக்குக் கண்ணாடியிழைப் படகொன்றில் ஏறினோம். படகோட்டி கிண்ணியாவைச் சேர்ந்தவர். வயது அறுபதைக் கடந்திருக்கும். முன்பு ஆழ்கடல் மீன்பிடியில் இருந்தவர். எல்லார்க்கும் உயிர்காப்பு அங்கியை அணிவித்து, எம் நண்பர் படகின் விளிம்பை இறுகப் பற்றியிருந்ததைக் கண்டு, அவரைத் தம் அருகில் இருத்திக்கொண்டார். கடல் எண்ணெய் தடவியதுபோல் அமைதியாய்க் கிடந்தது. கோணேசர் மலை மெல்ல மெல்லச் சிறுத்து, பின் நீலக் கோடாயிற்று. ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. மாணவருள் ஒருவனுக்குத் தலைசுற்றலும் தொடங்கிவிட்டது.

திடீரெனப் படகோட்டி இயந்திரத்தை நிறுத்தினார். அதுகாறும் காதை அடைத்திருந்த இரைச்சல் ஓய்ந்தது. அந்த அமைதியில், பெரிய உலைத்துருத்தி ஒன்றை யாரோ ஒரே மூச்சில் அழுத்தியது போன்ற ஒலி கேட்டது. திரும்பினோம். நூறு, நூற்றைம்பது மீற்றர் தொலைவில், பனைமர உயரத்துக்கு வெண்புகை எழுந்து காற்றிற் சாய்ந்தது. அதன்கீழ்ச் சாம்பலும் நீலமும் கலந்த ஒரு முதுகு நீரை விலக்கி எழுந்தது. எழுந்தது, எழுந்தது, எழுந்துகொண்டே இருந்தது. இனி முடியும் என்று நாம் நினைத்த இடத்தில் முடியாமல், மேலும் நீண்டு சென்று, இறுதியில் உடலுக்குச் சற்றும் பொருந்தாத ஒரு சிறு துடுப்பைக் காட்டி நீரில் அமிழ்ந்தது.

“சுப்ஹானல்லாஹ்” என்றார் நண்பர். “சிவ சிவா” என்றோம் நாம். இரண்டும் ஒரே வியப்பிலிருந்து பிறந்தவை.

அது நீலத்திமிங்கிலம். இவ்வுலகில் இதுவரை வாழ்ந்தனவாக அறியப்பட்ட விலங்குகள் யாவற்றினும் பெரியது. தென்துருவக் கடலில் வாழ்வது 30 மீற்றர் வரை வளரும். நம் கடலில் உள்ள இனம் சற்றுச் சிறியது, 24 மீற்றர் வரை வளரக் கூடியது. மீனைப் போல் தோற்றமளிப்பினும் அது மீனன்று. நம்மைப்போல் நுரையீரலால் மூச்சு விடுவது. குட்டி ஈன்று பாலூட்டுவது. மீனின் வால் நிமிர்ந்து நின்று பக்கவாட்டில் அசையும். இதன் வால் படுக்கையாக அமைந்து மேலும் கீழும் அசையும். நாம் கண்ட வெண்புகை, சித்திரங்களில் வரைவதுபோல் அது வாரி இறைத்த கடல்நீர் அன்று. அதன் வெப்பமான மூச்சே நீராவியாகித் திவலையாகத் தோன்றுகின்றது.

‘பெருமீனை விழுங்குவது’ என்று நாம் வகுப்பிற் பொருள் சொன்னோமே, அவ்விளக்கத்தை நினைத்து அங்கே எமக்கு நாணமும் நகையும் உண்டாயின. இது விழுங்குவது விரலளவும் இல்லாத சிற்றிறால். அதன் வாயிற் பல்லில்லை. சீப்பின் பற்கள் போல் தொங்கும் தகடுகளே உள. நீரோடு இரையை வாயில் நிரப்பி, நீரை அத்தகடுகளின் வழியே வடித்துவிட்டு, எஞ்சியதை உண்ணும். இலங்கைக் கடலில் அது பெரிதும் உண்பது நம் வீட்டுக் கறிச்சட்டியிற் சேரும் கூனியிறாலுக்கு நெருங்கிய உறவான இறாலினம் என்று ஆய்வாளர் ஆஷா டி வொஸ் அவர்களும் அவர்தம் குழுவினரும் கண்டுள்ளனர். நம் நாட்டவரான இவ்வம்மையார் 2003இல் ஆய்வுக் கப்பல் ஒன்றிற் பணியாற்றியபோது, ஆறு நீலத்திமிங்கிலங்களையும், அவற்றின் செந்நிறக் கழிவு நீரில் மிதப்பதையும் கண்டார். பொதுவாக நீலத்திமிங்கிலங்கள் குளிர்க்கடலில் உண்டு, வெப்பக்கடலுக்கு வந்து இனம்பெருக்கும் எனக் கருதப்பட்டு வந்தது. இங்கே கழிவு மிதக்கிறதெனின் இங்கேயே இரையும் உண்கின்றன என்பது பொருள்! அந்த ஒரு காட்சி அவரை வாழ்நாள் ஆராய்ச்சிக்கு இட்டுச் சென்றது. வட இந்து சமுத்திரத்தின் நீலத்திமிங்கிலங்கள் துருவத்துக்குப் போகாமல் ஆண்டு முழுவதும் இவ்வெப்பக் கடல்களிலேயே வாழ்பவை. விருந்தாளிகள் என்று நாம் நினைத்தவர்கள் உண்மையில் நம் அயலவர்.

இனி எம் குற்றத்துக்கு வருவோம்.

திமிங்கிலம் இரண்டாம் முறை எழுந்து மூச்சுவிட்டது. மூன்றாம் முறையும் எழுந்தது. வியப்பு ஆசையாக மாற வெகுநேரம் ஆகவில்லை. மாணவர்கள் ‘கிட்டப் போவம், கிட்டப் போவம்’ என்று கூவினர். அவர்களை அடக்க வேண்டிய நாமே அவர்களோடு சேர்ந்துகொண்டோம்.

“காக்கா, இன்னும் கொஞ்சம் கிட்டப் போவமே. இவ்வளவு தூரம் வந்தது கிட்டப் பார்க்கத்தானே?” என்றோம்.

“இதுக்கு அங்கால போக ஏலாது சேர். அது மூச்செடுக்க வந்திருக்கு. நாம போனா மூச்ச முடிக்காம இறங்கிரும்” என்றார் அவர்.

எமக்கு முகம் வாடிற்று. மறைப்பானேன்? பணம் கொடுத்திருக்கிறோமே என்ற எண்ணமும் உள்ளே எழுந்தது. அவ்வேளையில் வேறொரு படகு எங்கிருந்தோ முழுவேகத்தில் வந்தது. அதிலிருந்தோர் எழுந்து நின்று ஆரவாரித்தனர். நம்மைத் தாண்டி, திமிங்கிலத்தின் முன்புறமாகவே அப்படகு விரைந்தது. நான்காம் மூச்சை எடுத்த அவ்வுயிர் முதுகை வளைத்தது. படகைவிட அகலமான வால் ஒன்று நீர் சொரிய வானத்தில் எழுந்தது. ஒரு கணம் அசையாது நின்று, ஒலியின்றி அமிழ்ந்தது. அதன்பின் அங்கே இருந்தது, வட்டமாக வழவழத்த ஒரு நீர்த்தடம் மட்டுமே. அடுத்த படகினர் நான்கு திசையும் பார்த்துவிட்டு, வந்த வேகத்திலேயே வேறொன்றைத் தேடிப் போயினர். அவர்களும் காணவில்லை, எமக்கும் காட்சி போயிற்று.

எம் மகள் எம்மைப் பார்த்தாள். “அப்பா, நம்மட வயலுக்கு யானை வந்தா கிட்டப் போகாதீங்க எண்டு நீங்கதானே சொல்றீங்க?” என்றாள்.

வாசகர்களே, அந்தக் கேள்விக்கு எம்மிடம் மறுமொழி இல்லை. அறுவடை முடிந்த வயல்களுக்கு யானைக்கூட்டம் இறங்குவது எம்மூரார்க்குப் புதிதன்று. எத்தனை தூரத்தில் நிற்க வேண்டும், எந்தப் பக்கம் வழிவிட வேண்டும், குட்டியோடு வந்தால் எவ்வாறு ஒதுங்க வேண்டும் என்பன எல்லாம் எம்மூர்ச் சிறுவர்க்கும் தெரியும். ஆனால் யானையின் முன் நாம் ஒதுங்குவது எதனால்? அது நம்மை மிதித்துவிடும் என்ற அச்சத்தால். திமிங்கிலமோ நம்மை ஒன்றும் செய்வதில்லை. நீரில் இறங்கி மறைந்துவிடுகிறது. அச்சமுள்ள இடத்தில் நாம் காட்டும் மரியாதையை, அச்சமில்லாத இடத்திற் காட்டத் தவறினோம். அச்சத்தால் வருவதை மரியாதை என்று சொல்லுதல் தகுமா?

படகோட்டி சொன்னது வெறும் அனுபவப் பேச்சு அன்று. விஞ்ஞானமும் அதனையே கூறுகின்றது. 2019இல் வெளியான ஆய்வொன்றுக்காக அமெரிக்க ஆய்வாளர்கள் கலிபோர்னியாவின் மொன்டரே குடாவில் ஒரு நீலத்திமிங்கிலத்தின் உடலிற் கருவியை ஒட்டி அதன் இதயத்துடிப்பை முதன்முதலாக அளந்தனர். ஆழத்தில் இரைதேடும்போது அவ்விதயம் நிமிடத்துக்கு நான்கு முதல் எட்டுத் தடவையே துடித்தது. சிலவேளை இரண்டு தடவையாகவும் குறைந்தது. மேலே வந்து மூச்செடுக்கும்போதோ 25 முதல் 37 தடவை வரை துடித்தது. நம் கண்ணுக்கு அது நீர்மட்டத்தில் ஓய்வாகக் கிடப்பதாகத் தோன்றும் அந்தச் சில நிமிடங்களிலேதான் அதன் இதயம் மிகக் கடுமையாக உழைக்கின்றது. ஆழத்திற் பட்ட மூச்சுக்கடனை அங்கே அடைத்து, அடுத்த முழுக்கிற்கு வேண்டியதையும் சேர்த்துக்கொள்கிறது. அதனை இடையிற் கலைப்பது, நாள் முழுவதும் வயலில் உழைத்து வந்தவன் சோற்றில் கை வைத்தவுடன் இலையை எடுப்பது போன்றது. ஒருநாள் ஒருமுறை என்றால் பொறுக்கலாம். பருவம் முழுவதும், நாள்தோறும், படகுக்குப் படகு என்றால்?

இதனாலேயே நம் நாட்டில் 2012இல் வெளியான ஒழுங்குவிதிகள், படகுகள் திமிங்கிலத்திலிருந்து 100 மீற்றருக்கு அப்பால் நிற்க வேண்டும் என வரையறுத்தன. விதி இருக்கின்றது. ஆனால் நடுக்கடலில் காவலர் யார்? படகோட்டியின் மனச்சாட்சியும் பயணியின் அடக்கமுமே காவல்.

அந்த மனச்சாட்சிக்கு விலையும் உண்டு என்பதை அவர் வாயிலிருந்தே கேட்டோம். மறுபடியும் எழுமோ என்று காத்திருந்த நேரத்தில், நண்பர் மெல்ல விசாரித்தபோது அவர் சொன்னார்: “ஒருக்கா வந்த ஆக்கள், கிட்டக் காட்டல்ல எண்டு பேசின காசில பாதியத்தான் தந்திட்டுப் போனாங்க. மத்தப் படகு கிட்டப் போகுதாம், நான் பயந்தவனாம். என்ன செய்யிற? நாளைக்கும் இந்தக் கடலுக்குத்தானே வரணும்.” கிட்டப் போகும் படகுக்குக் கூலி மிகுதி, எட்ட நிற்கும் படகுக்குப் பாதிக் கூலி. இந்த ஏற்பாட்டை உண்டாக்கியவர் யார்? படகோட்டிகள் அல்லர்; காசு கொடுக்கும் நாமே.

மனிதன் திமிங்கிலத்துக்குச் செய்தவற்றுள் படகுத் தொல்லை மிகச் சிறியது என்று சிலர் வாதிடலாம். அது மெய்யே. 1960களில் சோவியத் வேட்டைக் கப்பல்கள் வட இந்து சமுத்திரத்தில் மறைவாக ஆயிரத்துக்கு மேற்பட்ட நீலத்திமிங்கிலங்களைக் கொன்றன. 1979இல் சர்வதேசத் திமிங்கில வேட்டை ஆணைக்குழு இந்து சமுத்திரத்தைத் திமிங்கிலப் புகலிடமாகப் பிரகடனம் செய்தது. வணிக நோக்கிலான வேட்டையை நிறுத்த 1982இல் முடிவெடுத்து, 1986 முதல் நடைமுறைப்படுத்தியது. ஈட்டி ஓய்ந்தது, ஆயினும் கப்பல்களின் முனை ஓயவில்லை. தேவேந்திர முனைக்குத் தெற்கே உலகப் பெருங்கப்பற் பாதை, திமிங்கிலங்கள் இரைதேடும் இடத்தினூடாகவே செல்கின்றது. 2012 மார்ச்சில் கொழும்புத் துறைமுகத்துக்கு வந்த கொள்கலன் கப்பல் ஒன்றின் முன்முனையில் இறந்த நீலத்திமிங்கிலம் ஒன்று சிக்கிக் கிடந்தது. அப்பாதையை 15 கடல்மைல் தெற்கே நகர்த்தினால் மோதும் அபாயம் 95 சதவீதம் குறையும் என ஆய்வாளர் கணித்தனர். 2022இன் நடுப்பகுதியில் எம்.எஸ்.சி. என்னும் பெருங்கப்பல் நிறுவனம், தன் கப்பல்களைத் தானாகவே தெற்கே விலக்கிச் செலுத்தத் தொடங்கியது. ஆயிரக்கணக்கான கொள்கலன்களைச் சுமக்கும் கப்பல் பல மைல் விலகிப் போகக் கூடுமானால், எழுவரைச் சுமக்கும் எம் படகுக்கு நூறு மீற்றர் விலகி நிற்பது பாரமாகுமோ?

அன்று மேலும் ஒரு காட்சி கிடைத்தது. வெயில் ஏறியபின், வெகு தூரத்தில் இரு புகைகள் எழுந்தன; ஒன்று உயரமானது, மற்றொன்று குள்ளமானது. “தாயும் குட்டியும்” என்றார் படகோட்டி. இயந்திரத்தை முடுக்க அவர் கை நீளவில்லை. எவரும் ‘கிட்டப் போவம்’ என்று கூறவுமில்லை. தலைசுற்றிக் கிடந்த மாணவனும் எழுந்து அமர்ந்தான். உயரமும் குள்ளமுமாக அப்புகைகள் மாறி மாறி எழுந்து, தெற்கே தேய்ந்து மறையுமட்டும் பார்த்திருந்தோம். மகள் எடுத்த ஒளிப்படத்தில் ஒரு வெண்புள்ளி தவிர வேறெதுவும் இல்லை. ஆயினும் அன்று கண்டவற்றுள் எம் நெஞ்சில் நிலைத்தது அதுவே. எம் நண்பரின் கை எப்போதோ படகின் விளிம்பை விட்டிருந்தது. அதனை அவரும் அறிந்திலர்.

கரைக்கு வந்ததும் பேசிய கூலியை முழுதாகக் கொடுத்து, அதன்மேற் சிறிது சேர்த்தும் கொடுத்தோம். “மன்னிச்சுக் கொள்ளுங்க காக்கா” என்றோம். அவர் சிரித்துவிட்டு, “எல்லாரும் முதல்ல அப்படித்தான் கேக்கிற சேர்” என்றார்.

வரும் பருவத்தில் வாசகர்கள் பலர் பிள்ளைகளோடு இக்காட்சியைக் காணச் செல்லக்கூடும், செல்லவும் வேண்டும். பாடநூலில் எழுதியதைப் பிள்ளைகள் கண்ணாற் காண்பதினும் சிறந்த கல்வி வேறில்லை. ஆயின் படகு பேசும்போது ‘எவ்வளவு கிட்டக் கொண்டு போவீர்?’ என்று கேளாதீர்கள். ‘எவ்விடத்தில் இயந்திரத்தை நிறுத்துவீர்?’ என்று கேளுங்கள். எட்ட நிற்பவருக்கே கூலியை முழுமனத்தோடு கொடுங்கள். துரத்திச் செல்லும் படகில் உங்கள் பிள்ளை இருக்குமாயின், நிறுத்தும்படி சொல்ல வேண்டியவர் நீங்களே. நாம் அன்று சொல்லத் தவறியதை நீங்கள் சொல்லுங்கள்.

பள்ளி மீளத் தொடங்கிய அன்று அம்மாணவியின் கேள்விக்கு விடை சொன்னோம்: “கண்டோம் மகளே, எட்ட நின்று கண்டோம்.” அவள் அடுத்த வினாவைத் தொடுத்தாள்: “கிட்டப் போகல்லயா சேர்?” அன்று தமிழ்ப் பாடம் நடக்கவில்லை, மேலே எழுதியதனைத்தையும் அவர்களுக்குக் கதையாகச் சொன்னோம்.